நானே அணைத்த விளக்கு

எங்கள் படகின் பேட்டரி மீட்டரில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் போதும், பேட்டரிக்குள் எவ்வளவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரையில் 100 என்று வந்துவிடும். பேட்டரி நிறைந்துவிட்டது என்று நமக்கு உறுதியாகத் தெரியும்போது மீட்டருக்கும் அதைச் சொல்லி வைப்பதற்காகக் கொடுத்த வசதி அது. 2019 மார்ச்சிலிருந்து ஜூன் வரை எத்தனை தடவை அவற்றை அழுத்தினேன் என்று நான் எண்ணி வைக்கவில்லை. ஒரு தடவைகூட பேட்டரி நிறைந்திருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். என் மனைவி காலையில் எழுந்து தேநீர் போட அடுப்புப் பக்கம் வந்தால் கண்ணுக்கு நேராக அந்தத் திரைதான் இருக்கும். அவள் பார்ப்பதற்காகவே அழுத்தினேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. 1981-லிருந்து 31 வருஷம் தொலைபேசி நிலையங்களின் பேட்டரி அறைகளில்தான் என் பிழைப்பு ஓடியது. ஊருக்கே கரண்ட் போனாலும் போன் வேலை செய்ய வேண்டும். அதற்காக ஓர் அறை முழுக்க ஈய பேட்டரிகள் வரிசையாக நிற்கும். செல்லுக்கு 2 வோல்ட் வீதம் 24 செல், மொத்தம் 48 வோல்ட். தொட்டி கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே தகடுகள் தெரியும். நன்றாகப் பார்த்துக்கொண்ட செல்லில் பாசிட்டிவ் தகடு சாக்லேட் நிறத்திலும் நெகட்டிவ் தகடு சாம்பல் நிறத்திலும் இருக்கும். பட்டினி போட்ட செல்லில் தகடு மேல் தேமல் போல வெள்ளை படர்ந்திருக்கும். உள்ளே நுழைந்ததும் நாக்கின் நுனியில் ஒரு புளிப்புத் தட்டும், அது ஆசிட் வாசனை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னை அங்கே கூட்டிப்போன பெரியவர் கையில் ஹைட்ரோமீட்டரைக் கொடுத்து, “வோல்ட்டைப் பார்த்து ஏமாறாதே தம்பி, ஆசிட்டைப் பாரு” என்றார்.

ஹைட்ரோமீட்டர் என்பது ஒரு கண்ணாடிக் குழாய், மேலே ரப்பர் குமிழ், உள்ளே ஒரு மிதவை. செல்லுக்குள் விட்டு ஆசிட்டை உறிஞ்சினால் மிதவை எழும்பும். பேட்டரி நிறைந்திருந்தால் ஆசிட் கனமாக இருக்கும், மிதவை உயரமாக நிற்கும், 1.265, 1.270 என்று காட்டும். பாதி காலியானால் 1.190 பக்கம் இறங்கிவிடும். குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். சற்று மேலிருந்து பார்த்தாலும் கணக்குத் தப்பும். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு செல்லையும் இப்படிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவோம். தப்பாக எழுதிவிட்டால் ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. பழைய எழுத்து தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்கும் பக்கத்தில் சரிபார்த்தவர் கையெழுத்து. 31 வருஷத்தில் ஒரு பொய் எண்ணை நான் அந்தப் பதிவேட்டில் எழுதியதில்லை. சம்பளம் வாங்கிய இடத்தில் அவ்வளவு நேர்மையாக இருந்தவன், சொந்தக் குடும்பத்தைக் கடலில் ஏற்றிக்கொண்டு போன படகில் இதைச் செய்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு, 2014-ல், மலேசியாவின் லங்காவித் தீவில் 34 அடிப் பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினோம். உலகம் சுற்றக் கிளம்பி அங்கேயே பயணத்தை முடித்துக்கொள்கிறவர்கள் விட்டுப்போகும் படகுகள் அந்தத் தீவில் எப்போதும் விலைக்குக் கிடைக்கும். 2017-ல் பழைய பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, கோல்ஃப் வண்டிக்குப் போடுகிற 6 வோல்ட் பேட்டரி நான்கு வாங்கினேன். ஒவ்வொன்றும் 225 ஆம்பியர்-அவர், தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் கனம். இரண்டிரண்டாகக் கோத்துச் சேர்த்தால் 12 வோல்ட்டில் 450 ஆம்பியர்-அவர். கடையில் பணம் கட்டும்போது மனைவி கேட்டாள்: “எத்தனை வருஷம் வரும்ங்க?”

“எட்டு வருஷம். பேட்டரியைப் பத்தி என்கிட்டயா கேக்குற?”

அந்த ஒரு பதிலில்தான் எல்லாம் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன். அதன் பிறகு பேட்டரி விஷயத்தில் வாய் திறக்க யாருக்கும் நான் இடம் கொடுக்கவில்லை.

கரையில் சுவிட்சைப் போட்டால் கரண்ட் வருகிறது. படகில் அப்படியில்லை, செலவழிக்கிற ஒவ்வொரு ஆம்பியரையும் நாமே சம்பாதிக்க வேண்டும். எங்கள் வரவு செலவு இதுதான். நங்கூரம் போட்டு நிற்கும் நாளில் ஃபிரிட்ஜ் மட்டும் 60 ஆம்பியர்-அவர் குடிக்கும். கடல்நீரே 30 டிகிரி இருக்கும் ஊரில் அதற்கு ஓய்வே கிடையாது. விளக்கு, மின்விசிறி, தண்ணீர் பம்ப், ரேடியோ, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து இன்னொரு 35. ஆகச் செலவு 95. வரவு பக்கம் 80 வாட் சோலார் பேனல் இரண்டு. நல்ல வெயிலில் இரண்டும் சேர்ந்து 50 தரவேண்டியவை. ஆனால் அவற்றைப் பாயின் அடித்தண்டுக்குக் கீழே, நிழல் விழும் இடத்தில் நான்தான் பொருத்தினேன். பேனலின் குறுக்கே ஒரு கயிற்று நிழல் விழுந்தாலே அதன் பலத்தில் பெரும்பங்கு போய்விடும் என்பது தெரிந்தும், அழகாக இருக்கிறது என்று அங்கே வைத்தேன். கிடைத்தது 30. காற்றாலை வைத்துப் பயனில்லை; மலாக்கா நீரிணையில் பாதி நாள் காற்றே இருக்காது. மிச்சத்துக்கு எஞ்சினைத் தினம் ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஆல்டர்நேட்டர் மேல் 55 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், சூடான பிறகு 30 கொடுத்தால் பெரிது. வரவு 60, செலவு 95. ஃபிரிட்ஜை அணைத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். பட்டர்வொர்த்திலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்கு நடுக்கடலில் ஐஸ் கட்டி மிதக்கும் பண்டோங் பானம் கொடுப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை விட மனம் வரவில்லை.

துண்டு விழுந்ததைவிட மோசமான ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. பந்தியில் உட்கார்ந்தவன் சாம்பார் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிடுவான். மோர்ச் சோற்றுக்கு வரும்போது கை மெதுவாகிவிடும். ஈய பேட்டரியும் அப்படித்தான். 80 சதவீதம் வரை மளமளவென்று வாங்கிக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்கு நான்கு, ஐந்து மணி நேரம் பிடிக்கும், அதுவும் 14.4 வோல்ட்டுக்குக் குறையாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால். அந்தக் கடைசிப் பங்கை என் பேட்டரிகள் வாரக்கணக்கில் பார்க்கவில்லை. நிறையாமல் கிடக்கும் பேட்டரியில் தகடுகள் மேல் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். நாள்பட விட்டால் கல்லாகிவிடும், அந்த இடம் பிறகு வேலைக்கு உதவாது. குடத்துக்குள் சேறு இறுகுவது மாதிரி. வெளியிலிருந்து பார்த்தால் அதே குடம், தண்ணீர் மட்டும் கால்வாசிதான் பிடிக்கும்.

மீட்டருக்கு இந்தச் சேறு தெரியாது. உள்ளே போகிற ஆம்பியரையும் வெளியே வருகிறதையும் எண்ணுவது மட்டுமே அதன் வேலை. குடத்தின் அளவு 450 என்று 2017-ல் நான் சொல்லிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு அது கணக்குப் போட்டது. மார்ச் மாதம் ஒருநாள் திரையில் 82 சதவீதம் என்று இருக்கும்போதே, பம்ப் ஓடினால் விளக்கு மங்கியது. கீழே வரியில் வோல்ட் 11.8. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. வேறு யாராவது என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால், “பேட்டரி போச்சு, ஹைட்ரோமீட்டர் கொண்டா” என்று அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு மீட்டரின் எண்ணைச் சரி செய்தேன். இரண்டு பொத்தான், மூன்று விநாடி, 100.

படகில் ஹைட்ரோமீட்டரே இல்லை. ஐந்து வருஷமாக வாங்கவில்லை. மச்சினன் ஒரு தடவை, “மாமா, ஆசிட் பாக்குற குழாய் ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாமே” என்றான். என் மனைவியின் தம்பி, என்னைவிட இருபத்தைந்து வயது இளையவன். நான் தோளைத் தட்டி, “எனக்கே சொல்லித் தர்றியா தம்பி” என்றேன். அவன் சிரித்துக்கொண்டான். அலமாரியில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் பயணக் கதை இருந்தது. பம்பாயில் தேக்கில் கட்டிய ‘சுஹைலி’ என்ற சின்னப் படகில், 1968 ஜூனில் ஃபால்மத்திலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி 312 நாளில் திரும்பியவர். பேட்டரியைக் கவனித்துக்கொண்டிருந்தபோது ஆசிட் கண்ணில் தெறித்தும் பயணத்தை விடாதவர். அந்தக் கதையை வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வேன். நான் உட்கார்ந்து சொன்ன பலகைக்குக் கீழேதான் பேட்டரிப் பெட்டி. அதன் மூடியை நான் இரண்டு மாதமாகத் திறக்கவில்லை.

2019 ஜூன் முதல் வாரம். நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு மச்சினனும் சேர்ந்துகொண்டான். பினாங்கிலிருந்து பங்கோர் வந்து, அங்கிருந்து மதியம் மூன்று மணிக்குப் போர்ட் கிள்ளானுக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ 90 கடல் மைல், ஓர் இரவு ஓட வேண்டும். தென்மேற்கிலிருந்து இதமான காற்று. பாய் நிறைந்து, எஞ்சின் இல்லாமல் மணிக்கு ஐந்து மைல் போனோம். அமாவாசை கழிந்த இருட்டு. பத்து மணிக்கு மனைவி முன்னறையில் போய்ப் படுத்தாள். மச்சினன் நடுக்கூடத்து இருக்கையில் படுத்தான். காவல் எனக்கு.

பதினொன்றரைக்குத் தானியங்கிச் சுக்கான் கீச்சென்று ஒலி எழுப்பியது, வோல்ட் போதவில்லை என்று. ஒலியை நிறுத்திவிட்டுக் கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டேன். திரையில் 71 சதவீதம், வோல்ட் 11.4. ஃபிரிட்ஜை அணைத்தேன். ஒரு மணி வாக்கில் 11.2. வரைபடத் திரையை அணைத்தேன். பெரிய கப்பல்களுக்கு நம்மையும் நமக்கு அவற்றையும் காட்டுகிற ஏஐஎஸ் கருவியை அணைத்தேன். பிறகு ரேடியோ. கடைசியில் மிஞ்சியது பாய்மர உச்சியில் எரிகிற மூவண்ண விளக்கு. சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மூன்று பக்கமும் காட்டுகிற ஒற்றை விளக்கு அது. பழைய காலத்து 25 வாட் பல்பு, 2 ஆம்பியர் இழுக்கும். எல்இடி போட்டால் அதில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளி வைத்திருந்தேன்.

எஞ்சினைப் போட்டிருக்கலாம். அதற்கென்று தனி பேட்டரி இருந்தது, சாவியைத் திருப்பியிருந்தால் ஓடியிருக்கும். ஓடினால் ஆல்டர்நேட்டர் எல்லா விளக்கையும் எரிய வைத்திருக்கும். இதை எழுதும்போதுதான் கை நிற்கிறது. நல்ல காற்றில் நள்ளிரவு எஞ்சின் சத்தம் கேட்டால் மனைவி எழுந்து வருவாள். “எதுக்குங்க எஞ்சின்?” என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, 2 மணி 10 நிமிஷத்துக்கு மூவண்ண விளக்கை அணைத்தேன்.

சூரியன் மறைவதிலிருந்து உதிப்பது வரை விளக்கு எரிய வேண்டும் என்பது, 1972-ல் வகுத்து 1977 முதல் நடப்பில் இருக்கும் சர்வதேச மோதல் தடுப்பு விதி. எங்கள் அளவுப் படகின் சிவப்பும் பச்சையும் ஒரு மைல் தூரத்துக்காவது தெரிய வேண்டும். எனக்கு அதெல்லாம் மனப்பாடம்.

செகிஞ்சான் கரைக்கு வெளியே வந்துகொண்டிருந்தோம். இடப்பக்கம் தூரத்தில் கரை விளக்குகள் கோத்த மணி மாதிரி. பெருநாள் என்பதால் மீன்பிடிப் படகுகள் வழக்கத்தைவிடக் குறைவு. எதிரே ஒரு கப்பல் வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளை விளக்குகள், ஒரு சிவப்பு. எங்களுக்கும் கரைக்கும் நடுவில், இடப்பக்கமாகக் கடந்து போனது. நான் விளக்கு என்று பார்த்தேனே தவிர எத்தனை என்று எண்ணவில்லை. என் கண் நிமிஷத்துக்கு ஒரு தடவை அறைக்குள் குனிந்து வோல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்ததும் அது 11.3-க்கு ஏறியிருந்தது. அந்தப் புள்ளி ஒன்றைப் பார்த்து எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கப்பல்தான் போய்விட்டதே என்று சுக்கானை இடப்பக்கம், கரையை நோக்கிச் சற்றுத் திருப்பினேன்.

மச்சினன் தூக்கக் கலக்கத்தோடு மேலே வந்தான். ஓரத்தில் நின்றவன் கொஞ்ச நேரம் கரையைப் பார்த்தான்.

“மாமா, கரை விளக்கெல்லாம் எங்க போச்சு?”

நான் திரும்பினேன். கோத்த மணிகளில் ஒரு துண்டைக் காணவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடப்பக்க ஓரத்தில் இன்னொரு விளக்கு அணைந்தது, பிறகு அடுத்தது. வலப்பக்க ஓரத்தில் ஒன்று மறுபடி முளைத்தது. கறுப்பாக ஒரு சுவர் எங்களுக்கும் கரைக்கும் நடுவில் நகர்ந்துகொண்டிருந்தது. மேலே மங்கலாக ஒரே ஒரு சிவப்புப் பொட்டு. அப்போதுதான் காது கேட்டது, தகரத்தைக் கிழிக்கிற மாதிரி தண்ணீர் பிளக்கும் சத்தம்.

கடந்து போனது இழுவைப் படகு. செங்குத்தாக மூன்று வெள்ளை விளக்கு என்றால் பின்னால் 200 மீட்டருக்கு மேல் நீளமாக எதையோ இழுத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். போன பிறகாவது திரும்பிப் பார்த்திருந்தால், வெள்ளைக்கு மேல் மஞ்சள் விளக்கு தெரிந்திருக்கும். எதையோ இழுத்துக்கொண்டு போகிறது என்று அதுவும் சொல்லும். அந்த இழுவைப் படகுக்கும் அது இழுத்து வந்த பார்ஜுக்கும் நடுவில், தண்ணீருக்குள் இரும்பு வடம் ஓடுகிற இடத்துக்குள், விளக்கில்லாத எங்கள் படகை நான் செலுத்திக்கொண்டிருந்தேன்.

சுக்கானை வலப்பக்கம் முழுக்கத் திருப்பினேன். படகு காற்றுக்கு எதிரே தலையைத் திருப்பியது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டு வேகம் செத்துப் படகு நின்றது. பார்ஜ் எங்களைக் கடந்தது. இரண்டு பேருந்து நீளம் இருக்குமா என்று கேட்டால், இருக்காது. அதன் விலாவில் டயர்கள் தொங்குவது அந்த இருட்டிலும் தெரிந்தது. துரு வாசனை வந்தது. அது கிளப்பிய அலையில் உள்ளே பாத்திரங்கள் உருண்டன. முன்னறையிலிருந்து மனைவி, “என்னங்க?” என்றாள். “ஒண்ணுமில்ல, கப்பல் அலை. தூங்கு” என்றேன்.

மச்சினன் கேட்டான்: “நம்ம மேல் விளக்கு எரியுதுல்ல மாமா?”

“எரியுது.”

அவன் பார்ஜையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையை உள்ளே விட்டுச் சுவிட்சைப் போட்டேன். அவன் அண்ணாந்து பார்த்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரேடியோவைத் திறந்தேன். யாரோ மலாயில் கத்திக்கொண்டிருந்தார், விளக்கில்லாமல் ஒரு பாய்மரப் படகு, விளக்கில்லாமல், என்று. அவன் காதில் விழுவதற்குள் சத்தத்தைக் குறைத்தேன். இழுவைப் படகிலிருந்து ஒளிக்கற்றை ஒன்று தண்ணீர் மேல் எங்களைத் தேடி வந்தது. ஒரு கணம் பாய் முழுக்க வெள்ளையாகி மறுபடி இருண்டது.

பிறகு பயணப் பதிவேட்டை எடுத்தேன். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதினேன்: “02.40. இழுவைப் படகு, பார்ஜ் கடந்தது. நம் விளக்குகள் எரிகின்றன.” எழுத்து நடுங்கியிருக்கிறது. ஆனால் தெளிவாக இருக்கிறது.

போர்ட் கிள்ளானில் இறங்கிய மறுநாள், இருவரும் சாமான் வாங்கப் போனபோது பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். கிள்ளான் கடை ஒன்றில் முதல் வேலையாக ஹைட்ரோமீட்டர் வாங்கியிருந்தேன். 12 செல். ஐந்தில் தகட்டுக்கு மேல் தண்ணீரே இல்லை. வெறும் தகட்டு நுனி, அதன் மேல் வெள்ளைத் தேமல். கரை மின்சாரத்தில் இரவு முழுக்க சார்ஜில் இருந்த பிறகும் மிதவை 1.170, 1.160 என்றுதான் நின்றது. ஒரு செல்லில் அது எழும்பவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு செல்லைப் பார்த்துவிட்டு, இதைக் கவனித்தவன் யார் என்று நான் கோபப்பட்டது நினைவு வந்தது. டிஸ்டில் வாட்டர் ஊற்றி, 15.5 வோல்ட் வரை ஏற்றி, குமிழ் விட விட ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். இரண்டொரு செல் கண் விழித்தது. மற்றவை விழிக்கவில்லை. மனைவியிடம், “இந்த வெக்கையில இவ்வளவுதான் வரும்” என்று சொல்லிப் புது பேட்டரி வாங்கினேன். எட்டு வருஷம் என்று நான் சொன்னதை அவள் ஞாபகப்படுத்தவில்லை. இரண்டே வருஷம் ஆகியிருந்தது.

அதோடு நின்றிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். அந்த இரவை மச்சினன் எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தான். அவன் சொன்ன கதையில் நான் வீரன். இருட்டில் எமன் மாதிரி வந்த பார்ஜை, மாமா ஒரே திருப்பில் தவிர்த்தார். கல்யாண வீட்டில் சொன்னான், காதுகுத்தில் சொன்னான். கேட்டவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் ஒரு வரி சேர்ப்பான்: “அந்த இழுவைப் படகுக்காரன் தூங்கிட்டான், நம்ம விளக்கைப் பாக்கல.” நான்கு வருஷம் அந்த வரியை நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெருநாள் அன்றும் வேலைக்கு வந்து, தன் விளக்குகள் அத்தனையும் முறைப்படி எரியவிட்டு, விழித்திருந்து, ரேடியோவில் எச்சரித்த ஒரு மனிதர். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் அவர் தூங்குமூஞ்சி.

2023 தீபாவளி மதியச் சாப்பாட்டில் கதை மறுபடி வந்தது. மச்சினனின் பையனுக்கு அப்போது பதினொரு வயது. இலையிலிருந்து நிமிர்ந்து கேட்டான்: “மாமா, நம்ம விளக்கு எரிஞ்சுச்சுன்னா, தூங்கினவர் எப்படி ரேடியோவில பேசினாரு?” ரேடியோவில் யாரோ பேசினார்கள் என்பதை நானே எப்போதோ வாய் தவறிச் சொல்லியிருக்கிறேன். மச்சினன், “பிறகு முழிச்சிருப்பான்டா” என்று சொல்லிவிட்டுப் பாயசம் கேட்டான். பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். பொத்தான்களிலிருந்து ஆரம்பித்து, பதிவேடு வரைக்கும். அவள் குறுக்கே பேசவில்லை. நான் முடித்த பிறகு ஒன்று மட்டும் கேட்டாள்: “அப்ப நான் முன்னாடிதானே படுத்திருந்தேன்?” ஆமாம் என்றேன். பார்ஜ் வந்து இடித்திருந்தால் முதலில் இடித்திருக்கும் இடம் அவள் தலைமாடு. அவள் எழுந்து போய் அடுக்களை விளக்கைப் போட்டுக்கொண்டு, விடிய விடிய அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மச்சினன் வீட்டுக்கு அடுத்த வாரம் போனேன். அவன் கேட்டதும் ஒரே கேள்வி: “ரேடியோவையும் நீங்கதான் நிறுத்தி வெச்சிருந்தீங்களா மாமா?” ஆமாம் என்றேன். அவன் வாசல் வரை வந்து வழியனுப்பினான். அதன் பிறகு படகுக்கு வரவில்லை. அக்காவுக்குப் போன் பண்ணுகிறான். எனக்குப் பண்ணுவதில்லை. பையனிடம் அவன் என்ன சொன்னான் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சோலார் பேனல்களை நிழலிலிருந்து எடுத்துப் படகின் பின்புறத்துக்கு மேலே ஏற்றியாகிவிட்டது. உச்சி விளக்கு எல்இடி. மாதத்துக்கு இரண்டு தடவை கரை மின்சாரத்தில் கட்டிப் போட்டு, கடைசித் துளி வரை நிரப்புகிறேன். திங்கள்கிழமை காலையில் 12 செல்லையும் பார்த்து எழுதுகிறேன். இவையெல்லாம் ஒரு நாள் வேலை. 2019-லும் ஒரு நாள் வேலையாகத்தான் இருந்திருக்கும்.

பழைய பயணப் பதிவேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். “நம் விளக்குகள் எரிகின்றன” என்பதன் மேல் ஒற்றைக் கோடு போட்டேன், எழுத்து தெரிகிற மாதிரி. பக்கத்தில் இடம் போதவில்லை, ஓரத்தில் நெருக்கி எழுதினேன்: “விளக்கு 02.10-க்கு அணைக்கப்பட்டது. அணைத்தவன் நான். இழுவைப் படகின் மேல் தவறில்லை.” தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். அதற்குப் பக்கத்தில் சரிபார்த்தவர் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டு, பேனாவோடு நோட்டை மனைவியிடம் நீட்டினேன். அவள் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை படித்தாள். பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு நோட்டை அலமாரியில் வைத்தாள். அந்தக் கோட்டின் மேல் இன்னும் கையெழுத்து இல்லை.